முதலில் எழுதுகிறவள்

கல்லூரி வாத்தியார்களுக்கு என்ன குறைச்சல், வருஷத்தில் பாதி நாள் லீவு என்று வாய் கூசாமல் சொல்கிற ஆட்களை ஒரு வாரம் அமுதவல்லி வீட்டுக்கு அனுப்பி வைக்க வேண்டும். இண்டூரில் விடிவதற்கு முன் எழுந்து, சோறு குழம்பு ஆக்கி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, தர்மபுரிக்கு டவுன் பஸ் பிடித்து, அங்கிருந்து காலேஜ் பஸ் ஏறி, கடத்தூர் தாண்டி பொம்மிடி ரோட்டில் இருக்கும் அந்தத் தனியார் கல்லூரிக்குள் நுழையும்போதே ஒரு நாள் வேலை முடிந்த அலுப்பு வந்துவிடும். அங்கே அவள் இயற்பியல் துறையில் உதவிப் பேராசிரியை. பேர்தான் பெரிசு. பாடம் எடுக்க வேண்டும், லேப் பார்க்க வேண்டும், சாயங்காலம் பிள்ளைகள் எல்லாம் பஸ் ஏறியாயிற்றா என்று பார்க்க வேண்டும், கோடை வந்தால் ஏரியூரிலிருந்து சித்தேரி மலை வரைக்கும் ஊர் ஊராகப் போய் அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க வேண்டும். பதினேழு வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

இத்தனைக்கும் நடுவில் தன்னை வளர்த்துக்கொள்ளவும் வேண்டும். ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி என்று அதற்குப் பெயர், எஃப்.டி.பி. என்றால்தான் ஸ்டாஃப் ரூமில் புரியும். ஒரு காலத்தில் இதற்காக வெளியூர்ப் பல்கலைக்கழகத்துக்குப் போய், விடுதியில் தங்கி, படித்துவிட்டு வருவார்கள். கொரோனா வந்ததோடு எல்லாம் செல்போனுக்குள் வந்துவிட்டது. எங்கேயோ யாரோ பேசிக்கொண்டிருப்பார். இங்கே கேமராவையும் மைக்கையும் அணைத்துவிட்டு ஆட்டுக்குத் தழை ஒடிக்கலாம், துணி துவைக்கலாம், தூங்கலாம். கடைசியில் ஒரு டெஸ்ட். அதில் பாஸ் ஆனால் சர்டிஃபிகேட். கல்லூரியை ஆராய கமிட்டி வரும்போது காட்டுவதற்குப் பிரின்சிபாலுக்குச் சர்டிஃபிகேட் வேண்டும். யார் என்ன படித்தார்கள் என்று அங்கே ஒருத்தரும் கேட்டதில்லை.

அமுதவல்லி மட்டும் நிஜமாகவே படித்தாள். அவளைப் பிடித்த பைத்தியம் அது. காலேஜ் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டால் ஒடசல்பட்டி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

"ஊர்ல இருக்கறவளெல்லாம் போன்ல சீரியல் பாக்கறாளுங்க. இவ ஒருத்தி எஃப்.டி.பி. பாக்கறா" என்று பானுமதி பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்வாள்.

பானுமதியை விட்டுவிட்டு அமுதவல்லியைப் பற்றிப் பேச முடியாது. இரண்டு பேரும் ஒரே ஜூன் மாதம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே துறை, லேபில் ஒரே மேஜை, மதியச் சாப்பாடு யார் டப்பாவில் யார் கை என்று தெரியாது. பானுமதி கடத்தூர்க்காரி. வாய் ஜாஸ்தி, மனசில் ஒன்றும் கிடையாது என்று அவளைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். அவள் வீட்டுக்காரர் குரு, பாலக்கோட்டு மண்டியிலிருந்து தக்காளி லோடு ஏற்றிப் போகும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். தொப்பூர் இறக்கத்தில் ஒரு நாள் வண்டி சாய்ந்தது. உயிர் தப்பியது, இடுப்புக்குக் கீழே போய்விட்டது. அன்றிலிருந்து அவரைப் புரட்டிப் போடுவது, கழுவி விடுவது, பெண் காவியாவைப் படிக்க வைப்பது எல்லாம் பானுமதி தலையில் விழுந்தது. அந்த வருஷம் அவளால் ஒரு கோர்ஸ்கூட முடிக்க முடியவில்லை. பிரின்சிபால் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். லேபுக்குள் வந்து, அலமாரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு அழுதாள்.

"இதுக்கெல்லாம் போயி அழுவாங்களா? போனக் குடு, நான் எழுதித் தர்றேன்" என்றாள் அமுதவல்லி.

ஆரம்பம் அதுதான். பாசத்தில் ஆரம்பித்தது. துறைத் தலைவர் தமிழ்மணி சார் ஓய்வு பெறப் போகிற மனுஷர், அவரும் நாலு நாள் கழித்துத் தன் போனைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். "எனக்கும் ஒரு கை பாத்துடும்மா. கண்ணு சரியாத் தெரியல" என்றார். கண்ணாடி அவர் நெற்றியில்தான் இருந்தது.

அந்த டெஸ்ட்டுகளில் ஒரு ஏற்பாடு உண்டு. ஒருத்தர் ஒரு தடவைதான் எழுத முடியும். எழுதி அனுப்பிவிட்டால், எது சரி எது தப்பு என்று உடனே பச்சையிலும் சிவப்பிலும் காட்டிவிடும். தப்பாகப் போட்டதற்குச் சரியான விடையும் பக்கத்திலேயே வரும். எல்லோருக்கும் அதே கேள்விகள்தான். அப்புறம் என்ன, யாராவது ஒருத்தர் முதலில் இறங்கிவிட்டால் பின்னால் வருகிறவர்களுக்கு முழு மார்க். இயற்பியல் துறையில் அதற்கு ‘ஆழம் பாக்கறது’ என்று பேர் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஆழம் பார்த்தது அமுதவல்லிதான். படித்தவள் அவள் ஒருத்தி. அவள் எழுதினால்தான் பாஸ் நிச்சயம். மூன்று நாலு தப்பு வரும். அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே பானுமதிக்கும் தமிழ்மணி சாருக்கும் ஒரு தப்பும் இல்லாமல் அவளே போட்டுக் கொடுப்பாள். இப்படி, மூன்று பேரில் படித்தவளுக்கு எப்போதும் மார்க் குறைச்சல். இதில் இருந்த அநியாயம் யாருக்கும் உறைக்கவில்லை, அவளுக்கே உறைக்கவில்லை. பாஸ் போதும் என்கிற இடத்தில் மார்க்கை யார் பார்க்கிறார்கள்?

இப்படியே போயிருந்தால் ஒன்றும் இல்லை. ஆனால் இயற்பியல் படிக்க ஆள் வருவது நின்றுபோனது. எல்லோருக்கும் கம்ப்யூட்டர் வேண்டும், காமர்ஸ் வேண்டும். அந்த வருஷக் கோடையில் அமுதவல்லி அட்மிஷனுக்காகச் சித்தேரி மலை ஏறினாள். அங்கே அம்பிகா என்று ஒரு பெண். அப்பா நாகன் சாமை விதைக்கிறவர். வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண், "மேம், நான் பிசிக்ஸ் படிக்கலாம்னு இருக்கறேன்" என்றாள். கேட்டதும் அமுதவல்லிக்கு நெஞ்சு நிறைந்தது. ஆனால் டேட்டா சயின்ஸ் என்ற புதுப் படிப்பில்தான் சேர்க்க வேண்டும் என்று தாளாளர் சொல்லி அனுப்பியிருந்தார். "கண்ணு, பிசிக்ஸ மூடினாலும் மூடிடுவாங்க. இதுல சேரு. நானும் அந்தப் பக்கம் வந்துடுவேன், பயப்படாத" என்றாள். அந்த வார்த்தையை நம்பி நாகன் பெண்ணை மலையிலிருந்து இறக்கி விடுதியில் கொண்டுவந்து விட்டார்.

அமுதவல்லி அதை வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. டிசம்பரில் பிரின்சிபால் சவுரியப்பன் இயற்பியல் துறை ஆட்களைக் கூப்பிட்டார். நல்ல மனுஷர்தான், தாளாளர் சொல்வதைத் தன் வாயால் சொல்வதே அவர் வேலையாகிவிட்டது. "இந்த வருஷத்தோட பிசிக்ஸ் முடியுதுங்க மேடம். டேட்டா சயின்ஸ்ல ஒரு ஆன்லைன் கோர்ஸ் இருக்குது, ரெண்டு பேரும் முடிச்சிடுங்க. அந்தப் பக்கம் மாத்த முடியுமான்னு தாளாளர்கிட்ட பேசறேன்" என்றார். தமிழ்மணி சாரும் பேருக்குச் சேர்ந்துகொண்டார். போகிற காலத்தில் அவருக்கு ஒரு சர்டிஃபிகேட் ஆசை.

அந்தக் கோர்ஸ் அமுதவல்லியை ஆட்டிவைத்துவிட்டது. நாற்பத்து நாலு வயதில் புதிதாக ஒன்று கற்றுக்கொள்ள முடியும் என்று அவளே நினைத்திருக்கவில்லை. முதல் இரண்டு வாரம் ஒன்றும் புரியாமல் தன் மேலேயே எரிச்சல் பட்டாள். மூன்றாவது வாரம் பிடிபட்டது. வகுப்பில் நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு வருஷா வருஷம் காட்டுவாளே, அந்த ஊசலை ஒரு நாள் கம்ப்யூட்டரில் தானே எழுதி ஆட வைத்தாள். நூலின் நீளத்தைக் கூட்டினால் மெதுவாக ஆடியது, குறைத்தால் வேகமாக ஆடியது. வீட்டுக்காரர் மாதேஸ்வரன் மரவள்ளிக் காட்டிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் காட்டினாள்.

"ஆடுது, செரி. இதுக்கா இத்தினி சந்தோஷம்?" என்றார்.

"இத புள்ளைங்களுக்கு நடத்தினா எப்படி இருக்கும் தெரியுங்களா" என்றாள். அவளுக்கு அது வேண்டும். வேலை தப்பிக்க வேண்டும் என்பது ஒரு பக்கம். அதற்கும் மேலே, இந்தப் பாடத்தை நின்று நடத்த வேண்டும் என்று ஆசைப்பட்டாள், சின்னப் பிள்ளை புதுத்துணிக்கு ஆசைப்படுகிற மாதிரி. அதைப் பானுமதியிடம் தினமும் சொன்னாள். பானுமதி ‘ம்’ கொட்டிக்கொண்டே டப்பாவைக் கழுவுவாள்.

கடைசி டெஸ்ட் ஒரு சனிக்கிழமை மதியம். மூன்று போனும் லேப் மேஜை மேல் இருந்தன. தமிழ்மணி சார் போனை வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பானுமதி அன்று பேசவே இல்லை. வந்ததிலிருந்து ஒரு கிண்டல் இல்லை, ஒரு ஊர்வம்பு இல்லை.

"ஏன்டி ஒரு மாதிரி இருக்கற? குரு அண்ணனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீ மொதல்ல போடு."

அமுதவல்லி போனைக் கையில் எடுத்துவிட்டுத் தயங்கினாள். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "பானு, இன்னிக்கு ஒரு தடவ நீ ஆழம் பாரேன். இந்தக் கோர்ஸ்ல மட்டும் எனக்கு முழு மார்க் வாங்கணும்னு ஒரு ஆச" என்றாள்.

பானுமதி நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு என்னடி தெரியும் இதுல? நான் போட்டா பெயிலாயிடுவேன். என்னப் பெயிலாக்கிட்டு நீ முழு மார்க் வாங்கணுமா?"

"சும்மா சொன்னன்டி. அதுக்கு ஏன் மூஞ்ச இப்படி வெச்சுக்கற?" என்று சொல்லிவிட்டு அமுதவல்லி எழுதினாள். வழக்கம்போல நாலு தப்பு. அதில் ஒன்று விடை தெரிந்தும் அவசரத்தில் விட்டது. அதற்கு மட்டும் "சே" என்று தலையில் தட்டிக்கொண்டாள். பிறகு தமிழ்மணி சார் போனில் போட்டாள். கடைசியாகப் பானுமதி போனை வாங்கி, ஒவ்வொரு விடையும் சரிதானா என்று இரண்டு தடவை பார்த்து, முழு மார்க்கும் வாங்கிக் கொடுத்தாள். பானுமதி போனை வாங்கிக்கொண்டு பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்குக் கூட நிற்காமல் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை பிரின்சிபால் அமுதவல்லியைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே நல்ல சேதி இல்லை.

"டேட்டா சயின்ஸ்ல ஒரு எடம்தான் குடுத்திருக்காருங்க தாளாளர். யாருக்குன்னு வந்தப்ப, ரெண்டு பேருக்கும் ஒரே சர்வீஸ், ஒரே படிப்பு. அந்த டெஸ்ட் மார்க்க வெச்சு முடிவு பண்ணிட்டாரு. பானுமதி மேடம் முழு மார்க் எடுத்திருக்காங்க."

"சார், அந்த மார்க்க வெச்சா?" என்று கேட்டாள் அமுதவல்லி.

"முன்னாடியே சொன்னேனேங்க மேடம். வெள்ளிக்கெழம பானு மேடம் லீவு கேட்டு வந்தாங்க. நாளைக்கு டெஸ்ட்ட ஒழுங்கா எழுதுங்க, மார்க்க வெச்சுதான் ஒருத்தர எடுப்பாங்க, அமுதா மேடத்துக்கும் சொல்லிடுங்கன்னு சொன்னேன். நீங்க பஸ்ஸுக்குப் போயிட்டீங்க. அவங்க சொல்லலையா?"

அவர் முகத்தில் சந்தேகம் வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், முழுக்கதையும் வெளியே வந்துவிடும். அமுதவல்லி மேஜை விரிப்பில் இருந்த பேனா மையின் கறையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "சொன்னாங்க சார்" என்றாள்.

இதைப் பெருந்தன்மை என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கெட்ட கோபம் வரும். ஏனென்றால் அது பயம். உண்மையைச் சொன்னால், பானுமதியின் டெஸ்ட்டை எழுதியது யார் என்ற கேள்வி வரும். அந்த ஒரு டெஸ்ட்டோடு நிற்காது, இத்தனை வருஷத்து டெஸ்ட்டுகளும் வரும். தமிழ்மணி சார் பேர் வரும். மூன்று பேரும் போக வேண்டியதுதான். திருட்டுத்தனத்துக்குத் துணை போனவள் நியாயம் கேட்டு எந்த வாசலில் நிற்பாள்? இது அத்தனையும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த கொஞ்ச நேரத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது.

லேபில் பானுமதி இருந்தாள். அமுதவல்லி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். பானுமதி எழுந்து நின்றாள்.

"உனக்கு வெள்ளிக்கெழமையே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுகிட்டேதான் என்ன மொதல்ல எழுத வெச்சியா?"

பானுமதி மேஜை மேல் கிடந்த நூலை எடுத்து விரலில் சுற்றினாள். அமுதவல்லிக்கு அது இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"நான் வாய் விட்டுக் கேட்டேன்டி. ஒரு தடவ நீ மொதல்ல எழுதுன்னு. அப்பக்கூட உனக்கு வாயி வரல."

"உனக்கு காடு இருக்குது, மாடு இருக்குது, உன் வூட்டுக்காரர் எழுந்து நடக்கறாரு. எனக்கு என்ன இருக்குது அமுதா? இந்த வேல போனா நாளைக்கு அவருக்கு மாத்திரைக்கு எங்க போவேன்?" பானுமதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உன்கிட்ட கேட்டிருந்தா நீ விட்டுக் குடுத்திருப்ப. அந்த தைரியத்துலதான்."

"குடுத்திருக்க மாட்டேன்" என்றாள் அமுதவல்லி. சொன்ன பிறகு அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. "உன் கஷ்டமெல்லாம் எனக்குத் தெரியும். வேற எது கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேன். இத குடுத்திருக்க மாட்டேன். எனக்குன்னு நான் ஆசப்பட்டது இது ஒண்ணுதான்."

வெளியே மணி அடித்து, பிள்ளைகள் வராந்தாவில் சத்தம் போட்டுக்கொண்டு போனார்கள்.

"அது எனக்குத் தெரியும்" என்றாள் பானுமதி. "அதனாலதான் கேக்கல."

அமுதவல்லி தன் டப்பாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். மீதியிருந்த நாட்களில் அவள் நூலகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஏப்ரல் கடைசியில் கல்லூரியில் ஒரு சால்வை போர்த்தி, ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்து அனுப்பி வைத்தார்கள். தமிழ்மணி சாருக்கும் அன்றைக்குத்தான் வழியனுப்பு. அவர் மைக்கைப் பிடித்து, தன் வெற்றிக்கெல்லாம் இடைவிடாத கல்விதான் காரணம் என்று பேசினார். அமுதவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்து நாற்காலியில் இருந்த லேப் உதவியாளர் குள்ளம்மாள், பாவம், மேடம் அழுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டில் மாதேஸ்வரன் கோபித்துக்கொள்ளவில்லை. "போனாப் போவுது விடு. மாட்டுக்கொட்டாய் பக்கத்துல ஷீட்டு போட்டுத் தர்றேன், டியூஷன் வெய்யி" என்றார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் அந்தப் ‘போனாப் போவுது’ அவளுக்குச் சுருக்கென்று குத்தியது. பதினேழு வருஷமும் அவளுடைய ஆசையும் அதில் போகிறதா? இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை.

இண்டூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் போய்க் கேட்டாள். பி.எட். இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை, கல்லூரியில் பாடம் எடுத்தேன், இத்தனை எஃப்.டி.பி. முடித்திருக்கிறேன் என்று கோப்பைப் பிரித்தாள். அந்த அம்மாள் இரண்டு தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஆன்லைன்தானுங்களே" என்றாள். அவள் சிரித்த சிரிப்பிலேயே அந்தத் தாள்களின் மரியாதை தெரிந்துவிட்டது. அத்தனையும் உட்கார்ந்து படித்து வாங்கியது என்று சொல்ல அமுதவல்லிக்கு வாய் துடித்தது. சொன்னால் நம்புவார்களா? பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்த கைதானே அது என்று அவளுக்கே தோன்றியபோது, கோப்பை மூடிவிட்டு வந்துவிட்டாள்.

ஜூன் மாதம் கல்லூரி திறந்தது. திறந்த நாளிலிருந்தே பானுமதியிடமிருந்து போன் வர ஆரம்பித்தது. அமுதவல்லி எடுக்கவில்லை. மாலையில் நாலரை மணிக்கு, அதாவது கடைசி வகுப்பு முடிந்த கையோடு அடிக்கும். எதற்கு அடிக்கிறாள் என்று தெரியாதா என்ன? மறுநாள் வகுப்புக்கு விடை வேண்டும். இனிமேலும் ஆழம் பார்க்க ஆள் வேண்டும். ‘அடி, நல்லா அடி’ என்று சொல்லிக்கொண்டே அமுதவல்லி போனைக் கவிழ்த்து வைப்பாள். அது அடித்து ஓயும்வரை அவளுக்கு ஒரு குரூரமான சந்தோஷம் இருக்கும். ஓய்ந்த பிறகு அதுவும் இருக்காது.

ஜூலையில் ஒரு நாள் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் அம்பிகா எதிரே வந்தாள். மலைக்குப் போய்விட்டு விடுதிக்குத் திரும்புகிறாள் போல. கையில் ஒரு துணிப்பை.

"மேம், நீங்க எப்ப மேம் வருவீங்க?" என்றாள், வணக்கத்துக்கு முன்னாலேயே.

"நான் வேலைய விட்டுட்டேன் கண்ணு. பானு மேடம் நடத்தறாங்கல்ல?"

அம்பிகா யோசித்தாள். வாத்தியாரைக் குறை சொல்லிப் பழகாத பிள்ளை. "நடத்தறாங்க மேம். புத்தகத்துல இருக்கறத போர்டுல எழுதறாங்க. கம்ப்யூட்டர்ல போட்டா வர மாட்டேங்குது. ஏன் மேம் வரலன்னு கேட்டா, நாளைக்கு சொல்றேன்னு சொல்றாங்க." பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "ஒரு நாள் கிளாஸ்லயே அழுதுட்டாங்க மேம். நாங்கெல்லாம் கேக்கறத நிறுத்திட்டோம்" என்றாள்.

நானும் அந்தப் பக்கம் வந்துவிடுவேன் என்று இந்தப் பெண் வீட்டு வாசலில் நின்று சொன்னது அமுதவல்லிதான். பஸ் வந்துவிட்டது. அம்பிகா ஏறி, ஜன்னல் வழியாகத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே போனாள்.

அன்று சாயங்காலம் அமுதவல்லி போனைக் கவிழ்த்து வைக்கவில்லை. நாலரைக்கு அது அடிக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து வாட்ஸப்பில் ஒரு போட்டோ வந்தது. கோடு போட்ட தாளில் பானுமதி தன் கையால் எழுதிய ஒரு சின்ன ப்ரோக்ராம். ஒரு வகுப்பில் இருக்கிற எல்லோர் மார்க்கையும் கூட்டிச் சராசரி பார்க்கிற கணக்கு. அடித்து அடித்து எழுதியிருந்தாள். கீழே இரண்டு வரி.

‘இந்தத் தடவ நான் மொதல்ல எழுதிட்டேன் அமுதா. சரியா தப்பான்னு மட்டும் சொல்லு.’

அமுதவல்லி அதைப் படித்துவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். ப்ரோக்ராம் தப்பு. பார்த்த உடனே தெரிந்தது. ஒவ்வொரு பிள்ளையின் மார்க்கைக் கூட்டுவதற்கு முன்னாலும் கூட்டுத்தொகையை மறுபடி பூஜ்யமாக்கிவிட்டிருந்தாள். அதனால் எத்தனை பேர் மார்க்கைக் கொடுத்தாலும் கடைசிப் பிள்ளையின் மார்க் மட்டும்தான் தங்கும். புதிதாகப் படிக்கிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு. அவளே மூன்றாவது வாரத்தில் இதைச் செய்து, அரை நாள் தவித்து, தானே கண்டுபிடித்திருக்கிறாள். சரியான விடையை எழுதி அனுப்ப ஒரு நிமிஷம் ஆகாது. விரல் அதற்குத்தான் போனது.

அவள் எழுதவில்லை, கூப்பிட்டாள். முதல் மணியிலேயே பானுமதி எடுத்துவிட்டாள்.

"அமுதா" என்றாள். பிறகு அழுகைச் சத்தம்.

"அழுவாத. உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காத, மன்னிக்கல. அந்தச் சித்தேரிப் புள்ளைக்காகக் கூப்பிட்டேன். மூணாவது வரியப் பாரு."

"மூணாவது வரியில என்ன?"

"பாரு."

"சொல்லிடேன்டி. எனக்கு ஓடல. நாளைக்கு மொத கிளாஸே இதுதான்."

"சொல்ல மாட்டேன். ரெண்டு பேரோட மார்க்க மட்டும் போட்டு, ஒவ்வொரு வரியா கையால செஞ்சு பாரு. மெஷின் என்ன செய்யும்னு நீயே சொல்லிகிட்டே வா. நான் லைன்ல இருக்கறேன்."

போனில் தாள் திருப்பும் சத்தம் கேட்டது. அங்கே குரு ஏதோ கேட்டார். "இருங்க, வர்றேன்" என்றாள் பானுமதி. பிறகு முணுமுணுத்துக்கொண்டே கணக்குப் போட ஆரம்பித்தாள். முதல் பிள்ளை, கூட்டு. இரண்டாவது பிள்ளை. நின்றாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அமுதவல்லி ஒன்றும் பேசாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தாள். மாதேஸ்வரன் வந்து, யார் என்று சைகையில் கேட்டார். அவள் கையமர்த்தினாள்.

"அய்யோ" என்றாள் பானுமதி திடீரென்று. "ஒவ்வொரு தடவையும் அழிஞ்சி போவுதுடி. பூஜ்யம் போடறத ஒரே ஒரு தடவ, ஆரம்பத்துல போடணும். நான் உள்ள போட்டுட்டேன். வெளிய எடுக்கணும். செரிதான அமுதா?"

அந்தக் குரல் அமுதவல்லிக்கு நன்றாகத் தெரிந்த குரல். பதினேழு வருஷமாக லேபில், ஒரு பிள்ளைக்குச் சட்டென்று விளங்கும்போது கேட்ட குரல் அது. அதைக் கேட்பதற்காகத்தான் இத்தனை பஸ் ஏறினாள்.

"செரிதான்" என்றாள். "நாளைக்கு அம்பிகாவுக்கு நீ சொல்லாத. அவளையும் இப்படியே கண்டுபிடிக்க வெய்யி."

போனை வைத்தாள். இத்தனை கோர்ஸில் பானுமதி தானாகப் போட்ட முதல் சரியான விடை அது. நாளைக் காலையில் அதைப் பிள்ளைகள் கண்டுபிடிக்கும்போது அந்த வகுப்பில் தான் இருக்கப் போவதில்லை என்று நினைத்தபோது, சால்வை போர்த்திய அன்றைக்கு வராத அழுகை அமுதவல்லிக்கு வந்தது. இந்தத் தடவை மாதேஸ்வரன் ‘போனாப் போவுது’ என்று சொல்லவில்லை, பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.